சேலையைப் போல நூல்: வீட்டு மிஷினில் குவில்ட் தைக்க நூல் தேர்ந்தெடுப்பது எப்படி?

குவில்ட், அதாவது நடுவில் பஞ்சு வைத்துத் தைக்கிற போர்வை, தைக்க நூல் வாங்கப் போகிறவர்கள் கடையில் முதலில் செய்கிற காரியம், நூலை இரண்டு கையாலும் பிடித்து வெடுக்கென்று இழுத்துப் பார்ப்பது. அறாமல் நின்றால் நல்ல நூல் என்று வாங்கிக்கொண்டு வந்துவிடுவார்கள். வேலூர்ப் பக்கம் இந்தத் தப்பைச் செய்வது இன்னும் சுலபம். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டையில் தோல் தொழில் இருப்பதால், ஷூவுக்கும் பைக்கும் தைக்கிற மெழுகு போட்டதுபோன்ற நைலான் நூல் சுலபமாகக் கைக்கு வந்துவிடும். யானையைக் கட்டினாலும் அறாது. அதைப் போட்டுக் குடியாத்தம் லுங்கித் துணியில் தைத்தால் நூல் அப்படியே நிற்கும், துணிதான் தையல் ஓரத்தில் கிழியும்.

நூலைப் போல சேலை என்பது நெசவுக்குச் சொன்னது. குவில்ட்டுக்கு அதைத் திருப்பிப் போட்டுக்கொள்ள வேண்டும்: சேலையைப் போல நூல். துணி எப்படியோ அதற்கு ஏற்ற நூல், நூல் எப்படியோ அதற்கு ஏற்ற ஊசி. இந்த வரிசையில் போனால் பாதித் தொல்லை வராது. இழுத்தால் துணியைவிட நூல் கொஞ்சம் முந்தி அறுக வேண்டும். அறுந்த தையலைப் பத்து நிமிடத்தில் மறுபடி ஓட்டிவிடலாம். கிழிந்த துணியை ஒன்றும் செய்ய முடியாது.

ஜாக்கெட் தைக்கிற நூல் இதற்கு ஏன் தகராறு செய்கிறது

குவில்ட் என்பது மூன்று அடுக்கு: மேல்துணி, நடுவில் பஞ்சு, அடித்துணி. மூன்றையும் ஒன்றாகப் பிடித்து வைக்கிற தையல்தான் குவில்டிங். மிஷின் ஒரு தையல் போட எடுத்துக்கொள்கிற நூல் சில மில்லிமீட்டர்தான். ஆனால் அடிநூல் சுற்றிய பாபின் உட்காருகிற பாபின் கேஸைச் சுற்றிவர ஒவ்வொரு தையலுக்கும் சில சென்டிமீட்டர் நூல் கீழே இறங்கி மறுபடி மேலே ஏறுகிறது. அதனால் நூலின் ஒரே இடம் துணியில் உட்காருவதற்கு முன் ஊசிக் கண்ணிலும் மூன்று அடுக்குத் துணியிலும் பத்திருபது தடவைக்கு மேல் உரசிவிடுகிறது. ஜாக்கெட்டில் ஒரு கை நீளத் தையலோடு வேலை முடிந்துவிடும். குவில்ட்டில் நூறு மீட்டருக்கு மேல் நிற்காமல் ஓட்டுகிறோம். பிசிறு உள்ள நூல், முறுக்கு தளர்ந்த நூல், இடையிடையே தடித்த நூல் எல்லாம் இங்கேதான் மாட்டிக்கொள்ளும்.

முதலில் துணியைக் கையில் எடுங்கள்

நூல் கடைக்குப் போகும் முன் வீட்டிலேயே செய்ய வேண்டிய வேலை இது. மூன்று கேள்விக்கு விடை வேண்டும்.

மேல்துணி புதுசா, பழசா? பழைய நூல் சேலை, துவைத்துத் துவைத்து மெலிந்த வேட்டி, ஓரம் தேய்ந்த லுங்கி இவற்றை வெட்டி ஒட்டுப் போர்வை தைப்பதாக இருந்தால் மெல்லிய நூல் மட்டுமே. புதுக் காட்டன், புது லுங்கித் துணி என்றால் நடுத்தரமான நூல் தாங்கும். திரைத்துணி, ஜீன்ஸ் போன்றவை இருந்தால் இன்னும் ஒரு படி தடிப்பாகப் போகலாம்.

நடுவில் என்ன வைக்கிறீர்கள்? வேலூர் வெயிலுக்குக் கனமான பஞ்சு வைத்த போர்வையை மார்கழியிலும் தையிலும்தான் எடுப்பார்கள். மற்ற மாதங்களுக்குப் பழைய மெல்லிய போர்வையையோ இரண்டு மடிப்பு வேட்டியையோ நடுவில் வைத்துத் தைப்பதே நல்லது. தட்டையான நடு அடுக்கில் மெல்லிய நூல் அழகாக உட்காரும். உப்பலான பாலியஸ்டர் பஞ்சு ஷீட் வைத்தால் தையல் பள்ளமாக இறங்கும். ஒவ்வொரு முறை உட்கார்ந்து எழும்போதும் நூல் இழுபடும். அங்கே கொஞ்சம் இழுபடுந்தன்மை உள்ள பாலியஸ்டர் நூல் பருத்தியைவிட நீடிக்கும்.

தையல் கண்ணில் பட வேண்டுமா, மறைய வேண்டுமா? புதிதாகத் தைப்பவர்கள் மறைகிற பக்கமே இருப்பது உத்தமம். கோணல் வந்தாலும் வெளியே தெரியாது.

லேபிளில் உள்ள எண்கள்

நூல்கண்டின் அடியில் ஒட்டியிருக்கும் எண்களைப் பார்த்தால் தலை சுற்றும். காரணம், ஒரே பருமனைச் சொல்ல நான்கைந்து கணக்கு இருப்பதுதான். எல்லாவற்றையும் டெக்ஸுக்கு மாற்றிக்கொண்டால் தீர்ந்தது. 1000 மீட்டர் நூல் எத்தனை கிராம் எடையோ அதுதான் டெக்ஸ். எண் கூடினால் நூல் தடிப்பு. மற்றக் கணக்குகளில் பெரும்பாலும் தலைகீழ்: எண் கூடினால் நூல் மெலிது. நெசவுக்காரர் வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இது புதிதல்ல. நூறாம் நம்பர் வேட்டி நாற்பதாம் நம்பரைவிட மெல்லியது என்று அவர்களுக்குத் தெரியும்.

2/40, 2/60, 3/60 என்று எழுதியிருந்தால், சின்ன எண் புரி எண்ணிக்கை, அதாவது எத்தனை இழையைச் சேர்த்து முறுக்கியது என்பது; பெரிய எண் நெசவு நூலுக்குச் சொல்கிற அதே நம்பர். சில கம்பெனிகள் 40/2 என்று திருப்பிப் போடும், பொருள் ஒன்றுதான். 590ஐ நம்பரால் வகுத்துப் புரியால் பெருக்கினால் டெக்ஸ் வரும். 2/60 என்றால் ஏறக்குறைய 20. 2/40 என்றால் 30க்குச் சற்றுக் குறைவு. 3/60ம் அதே 30தான், ஆனால் மூன்று புரி என்பதால் உருண்டையாகவும் மழமழப்பாகவும் இருக்கும். ஒரே டெக்ஸில் இரண்டு நூல் கிடைத்தால் முப்புரியை எடுங்கள்.

டிக்கெட் எண் என்று போட்டிருந்தால், பாலியஸ்டர் நூலுக்கு 3000ஐ அந்த எண்ணால் வகுத்துக்கொள்ளலாம். டிக்கெட் 120 என்றால் டெக்ஸ் 25 வாக்கில். லேபிளில் 27 என்று இருக்கும், அது சகஜம். டிக்கெட் 75 என்றால் 40. டிக்கெட் 180 என்றால் 17 வாக்கில். பருத்தி நூலின் டிக்கெட் கணக்கு வேறு, அதில் இந்த வகுத்தல் வேலைக்கு ஆகாது.

எம்பிராய்டரி நூலில் 120 டெனியர், 2 புரி என்று இருக்கும். டெனியர் என்பது 9000 மீட்டரின் கிராம் எடை. இரண்டு 120 சேர்ந்தால் 240, அதை 9ஆல் வகுத்தால் டெக்ஸ் 27. குவில்டிங்குக்கென்றே வெளிநாட்டிலிருந்து வருகிற நூல்களில் 40 வெயிட், 50 வெயிட் என்று இருக்கும். 40 கிலோமீட்டர் நூல் ஒரு கிலோ எடை என்றால் 40 வெயிட். அதாவது டெக்ஸ் 25. ஐம்பது வெயிட் என்றால் டெக்ஸ் 20. லேபிளில் வெறுமனே 40 என்று மட்டும் இருந்தால் எந்தக் கணக்கு என்று கடைக்காரரிடமே கேட்டுவிடுங்கள்.

இனி முடிவு சுலபம். பழைய மெல்லிய துணிக்கு டெக்ஸ் 18 முதல் 24. புதுக் காட்டனுக்கு 24 முதல் 30. தையல் பளிச்சென்று தெரிய வேண்டும் என்று ஆசைப்பட்டால் 30 முதல் 40. அதற்கு மேல் வீட்டு மிஷினில் போக வேண்டாம். தோல் தைக்கிற நூல் டெக்ஸ் 70, 90 என்று ஆரம்பிக்கும். அது இந்த ஆட்டத்திலேயே இல்லை.

எந்த இழை?

வேலூர் லாங் பஜார் பக்கம் தையல் சாமான் கடையில் நூல் என்று கேட்டால் கையில் கொடுப்பது ஸ்பன் பாலியஸ்டர், அதாவது குட்டையான பாலியஸ்டர் இழைகளைப் பஞ்சு மாதிரி நூற்ற நூல். அதுவே போதும் என்பதுதான் எங்கள் முடிவு, நல்ல ரகமாக இருந்தால். டிக்கெட் 120 ஸ்பன் பாலியஸ்டர் எல்லா நிறத்திலும் கிடைக்கும், சாயம் போகாது, சுருங்காது. பாலியஸ்டர் நூல் பருத்தித் துணியை அறுத்துவிடும் என்று ஒரு பேச்சு இருக்கிறது. துணியை அறுப்பது பெரும்பாலும் இழையின் வகையல்ல, பருமனும் இறுக்கமும்தான். டெக்ஸ் 25 பாலியஸ்டர் துணியை அறுக்காது. டெக்ஸ் 60 பருத்தி நூலை இறுக்கித் தைத்தால் அது அறுக்கும்.

பருத்தி நூலின் அழகே வேறு. துணியோடு துணியாகக் கலந்துவிடும், முதல் துவைப்பில் துணியோடு சேர்ந்து சுருங்கிக் குவில்ட்டுக்கு அந்த நெளிநெளியான தோற்றத்தைக் கொடுக்கும், சூடான இஸ்திரியைத் தாங்கும். ஆனால் மலிவான பருத்தி நூல் மிஷினுக்கு எதிரி. குட்டையான இழைகளைச் சேர்த்து முறுக்கியது என்பதால் பிசிறு கொட்டும், நடுநடுவே அறும். வாங்குவதாக இருந்தால் மெர்சரைஸ் செய்த, நீள இழைப் பருத்தி நூலாகப் பாருங்கள். மெர்சரைஸ் என்பது நூலை இழுத்துப் பிடித்தபடி காஸ்டிக் சோடாவில் முக்கி எடுப்பது. பளபளப்பும் வலுவும் கூடும், சாயம் நன்றாகப் பிடிக்கும். நீள இழை என்றால் எகிப்துப் பருத்தியைத்தான் எல்லோரும் சொல்வார்கள். நம் கோயம்புத்தூரில் 1970களில் உருவாக்கிய சுவின் ரகமும் அந்த வரிசையில் நிற்கிற மிக நீள இழைப் பருத்திதான்.

கையால் குவில்ட் போடுகிற பருத்தி நூல் என்று ஒன்று உண்டு. மேலே பசை பூசி விறைப்பாக இருக்கும். அதை மிஷினில் போடவே கூடாது. பூச்சு உரிந்து, மேல்நூலை இறுக்கிப் பிடிக்கிற டென்ஷன் தகடுகளுக்கு நடுவில் அப்பிக்கொள்ளும். பிறகு எந்த நூல் போட்டாலும் டென்ஷன் நிற்காது.

பளபளப்பு வேண்டும் என்றால் பாலியஸ்டர் எம்பிராய்டரி நூல். பிசிறே இருக்காது, மிஷின் சுத்தமாக ஓடும். பார்க்க அச்சு அசலாக அதேபோல இருக்கும் விஸ்கோஸ் ரேயான் நூலை எடுத்துவிடாதீர்கள். ரேயான் நனைந்தால் பாதி வலு போய்விடும். சுவரில் மாட்டுகிற வேலைப்பாட்டுக்குச் சரி, குழந்தை போர்த்திக்கொண்டு வாரம் ஒருமுறை துவைக்கிற போர்வைக்குச் சரியாகாது. இரண்டையும் பிரித்தறிய ஒரு துண்டை இடுக்கியில் பிடித்து, தண்ணீர்த் தொட்டி ஓரமாக நின்று கொளுத்திப் பாருங்கள். ரேயானும் பருத்தியும் காகிதம் எரிகிற வாசனையோடு சாம்பலாகும். பாலியஸ்டர் உருகிச் சுருண்டு கெட்டியான மணிபோல நிற்கும்.

கண்ணுக்குத் தெரியாத ஒற்றை நரம்பு நூல், அதாவது மீன்பிடி நரம்பின் தம்பி, பல நிறத் துண்டுகள் சேர்ந்த போர்வைக்குக் கவர்ச்சியாகத் தோன்றும். நைலான் நரம்பு நாளாக நாளாக மஞ்சளித்து மொறுமொறுப்பாகிவிடும். இஸ்திரிச் சூட்டையும் தாங்காது. புதிதாகத் தொடங்குபவர்கள் இதைத் தள்ளியே வைக்கலாம். ஜரி நூலுக்கும் அதே சொல்தான். ஓவர்லாக் மிஷினுக்கு வருகிற பெரிய கோன் நூல் மலிவாக இருக்கும். ஓரம் அடிக்கச் சரி, குவில்ட்டுக்குப் பெரும்பாலும் வலுப் போதாது.

குடியாத்தம், ஆரணிப் பக்கம் வீட்டில் தறி இருந்தால் ஒரு ஆசை வரும்: மீந்த நெசவு நூல் மூட்டையாகக் கிடக்கிறதே, அதைப் போட்டால் என்ன? ஓடாது. நெசவு நூலும் ஆரணிப் பட்டு இழையும் தறிக்காகத் தயாரானவை. தையல் நூலுக்கு இரண்டு மூன்று புரியைச் சேர்த்து எதிர் முறுக்குக் கொடுத்து, ஊசிக் கண்ணில் வழுக்கும்படி மேலே எண்ணெய்ப் பூச்சு கொடுத்திருப்பார்கள். அந்த முறுக்கின் திசையும் மிஷினுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். தப்பான திசையில் முறுக்கிய நூல் தைக்கத் தைக்கப் பிரிந்துகொண்டே வரும்.

கடையிலேயே பார்க்க வேண்டிய நான்கு சோதனை

கூச்சப்படாமல் செய்யுங்கள். கடைக்காரர் முறைத்தால் ஒரு கண்டு மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே வந்து செய்யுங்கள்.

1. அரை மீட்டர் நூலைக் கருப்புத் துணிக்கு முன்னால் வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். முடி முடியாகப் பிசிறு நீட்டிக்கொண்டு இருந்தால், அங்கங்கே பருத்தும் சிறுத்தும் இருந்தால் வேண்டாம்.

2. ஒரு முழ நூலின் இரண்டு முனையையும் ஒன்றாகச் சேர்த்துத் தொங்கவிடுங்கள். லேசாகச் சுற்றிக்கொண்டால் பரவாயில்லை. ஜாங்கிரி மாதிரி முறுக்கிக்கொண்டால் தையலில் முடிச்சு விழும்.

3. நகத்துக்கு இடையே பிடித்து இழுங்கள். நகத்தில் தூள் ஒட்டினாலும் புரி பிரிந்தாலும் பழைய சரக்கு அல்லது மட்டமான சரக்கு.

4. இப்போது வேண்டுமானால் அறுத்துப் பாருங்கள். எவ்வளவு வலு என்று பார்க்க அல்ல; எப்படி அறுகிறது என்று பார்க்க. மூன்று நான்கு இடத்தில் இழுத்தால் எல்லா இடத்திலும் ஒரே மாதிரி எதிர்ப்புக் கொடுத்து அறுக வேண்டும். ஓரிடத்தில் பொட்டென்று விட்டால் வெயிலில் காய்ந்த நூல். கண்ணாடிப் பெட்டியில் தெருவைப் பார்த்து அடுக்கி வைத்த கண்டுகளில் இது அடிக்கடி நடக்கும். உள்ளே இருக்கும் பெட்டியிலிருந்து எடுத்துத் தரச் சொல்லுங்கள்.

நிறத்தை டியூப்லைட்டில் பார்க்காதீர்கள். துணித் துண்டைக் கையோடு கொண்டுபோய், வாசலில் பகல் வெளிச்சத்தில், நூலை ஓர் இழை மட்டும் உருவித் துணிமேல் போட்டுப் பாருங்கள். கண்டாக இருக்கும்போது தெரிவதைவிட ஓரிழை வெளிறித் தெரியும். அதனால் சந்தேகம் வந்தால் ஒரு படி அடர்ந்த நிறத்தை எடுங்கள். பல நிறத் துணிக்கு நடுத்தரச் சாம்பல், அல்லது மங்கிய சந்தன நிறம் எங்கேயும் ஒட்டிப்போகும். வெள்ளையையும் கருப்பையும்விட அவை நன்றாக மறையும். சிவப்பு, கருநீலப் பருத்தி நூல் வாங்கினால் வீட்டில் ஒரு துண்டை நனைத்து வெள்ளைத் துணியில் வைத்து இஸ்திரி போடுங்கள்; கறை பிடித்தால் அது வெள்ளைப் போர்வைக்கு ஆகாது.

ஊசி

நூல் அறுகிறது என்று வருகிற புகார்களில் பலவும் ஊசியின் குற்றம். வீட்டுக் காலால் மிதிக்கிற மிஷினில் பதினாறாம் நம்பர் ஊசி எப்போதும் மாட்டியே இருக்கும், பாவாடையிலிருந்து தலையணை உறை வரை எல்லாவற்றுக்கும் அதேதான். மெல்லிய குவில்ட் நூலுக்கு அது பெரிது. ஓட்டை பெரிதாகி, பஞ்சு அந்த ஓட்டை வழியாக எட்டிப்பார்க்கும்.

டெக்ஸ் 18 முதல் 24 வரை 11ஆம் நம்பர் ஊசி. அடுக்கு கனமாக இருந்து ஊசி வளைந்தால் 12. டெக்ஸ் 25 முதல் 30 வரை 14. டெக்ஸ் 35, 40 என்றால் 16. பாக்கெட்டில் 75, 80, 90, 100 என்றும் இருக்கும். 90 என்றால் ஊசித் தண்டு 0.9 மில்லிமீட்டர் பருமன், அதுவே 14ஆம் நம்பர்.

சரியான ஜோடியா என்று பார்க்க ஒரு நல்ல வழி உண்டு. ஊசியை மிஷினில் மாட்டாமல், ஒரு முழ நூலில் கோத்து, நூலை விறைப்பாகச் சாய்த்துப் பிடியுங்கள். ஊசி தானாக வழுக்கி இறங்க வேண்டும். நடுவில் நின்றால் கண் சிறிது. அடுத்த நம்பர் எடுங்கள்.

ஊசியின் ஒரு பக்கம் நீளமான பள்ளம் ஓடும். நூலை அந்தப் பக்கத்திலிருந்துதான் கோக்க வேண்டும். திருப்பிக் கோத்தால் தையல் விட்டுவிட்டு விழும். எட்டு மணி நேரத் தையலுக்கு ஓர் ஊசி என்று வைத்துக்கொள்ளுங்கள். டக் டக் என்று துணியைக் குத்துகிற சத்தம் வந்தால் அதற்கு முன்பே மாற்றிவிடுங்கள். தைக்கிற தொழிலுக்கு வைத்திருக்கும் பவர் மிஷினில் ஊசி ரகமே வேறு. வீட்டு ஊசி அதில் பொருந்தாது. அதன் முழு வேகத்தில் ஊசி சூடாகி பாலியஸ்டர் நூலை இளக்கிவிடும் என்பதையும் நினைவில் வையுங்கள். குவில்ட்டுக்கு மெதுவான வேகமே நல்லது.

கோன், கண்டு, பாபின்

நூல்கண்டைச் சுற்றியிருக்கும் விதத்தைப் பாருங்கள். இழைகள் ஒன்றன்மேல் ஒன்றாக நேராக அடுக்கியிருந்தால், கண்டு சுழன்று பக்கவாட்டில் நூல் வர வேண்டும். மிஷினின் நிற்கிற கம்பி அதற்குத்தான். இழைகள் குறுக்கு நெடுக்காகச் சுற்றியிருந்தால், கண்டு அசையாமல் மேல்முனை வழியாக நூல் வர வேண்டும். கோன் எல்லாமே இந்த வகை. கோனைச் சின்னக் கம்பியில் மாட்டினால் ஆடி ஆடி நூலை வெட்டி இழுக்கும். கோன் ஸ்டாண்ட் இல்லையென்றால் மிஷினுக்குப் பின்னால் தரையில் ஓர் எவர்சில்வர் டம்ளரில் கோனை நிறுத்தி, அதற்கு நேர் மேலே வளைத்த ஹேங்கர் கம்பி வழியாக நூலை எடுத்துக் கொண்டுவாருங்கள். அது போதும்.

பாபினுக்கு மேல்நூலின் அதே நூலைப் போடுவதுதான் தொடக்கத்தில் நல்லது. கை பழகியபின் மேலே 2/40, அடியில் 2/60 என்று போடலாம். பாபினில் அதிக நீளம் பிடிக்கும், அடிப்பக்கம் முரடு தட்டாது. பாபின் சுற்றும்போது வேகம் வேண்டாம். பாலியஸ்டர் நூலை வேகமாகச் சுற்றினால் அது இழுபட்டு ஏறும். தைத்த பிறகு சுருங்கித் துணியையும் சேர்த்துச் சுருட்டும். இஸ்திரி போட்டும் போகாத சுருக்கம் என்றால் இதைச் சந்தேகப்படுங்கள். விளிம்பு வரை நிரப்பாமல் ஒரு நூல் இடம் விட்டு நிறுத்துங்கள்.

மாதிரித் துண்டு இல்லாமல் தைக்காதீர்கள்

போர்வையில் போடுகிற அதே மேல்துணி, அதே பஞ்சு, அதே அடித்துணியில் ஒரு சாண் சதுரம் வெட்டி அடுக்கிக்கொள்ளுங்கள். துணியை அழுத்திப் பிடிக்கிற மிஷின் காலைத் தூக்கிவிட்டு நூல் கோக்க வேண்டும். கால் இறங்கியிருந்தால் டென்ஷன் தகடுகள் மூடிக்கொண்டு நூல் உள்ளே போகாது. அடியில் நூல் சிக்கிக் குருவிக் கூடு கட்டுவதற்கு இதுவே முதல் காரணம். தையல் நீளத்தை ஓர் அங்குலத்துக்கு எட்டிலிருந்து பத்துத் தையல் வருகிற மாதிரி வையுங்கள். ஜாக்கெட்டுக்கு வைக்கிற நெருக்கம் இங்கே வேண்டாம். துணியைத் துளைத்துத் துளைத்துத் தபால் தலை ஓரம் போல ஆக்கிவிடும்.

இந்தச் சோதனைக்கு மட்டும் மேலே ஒரு நிறம், அடியில் வேறு நிறம் போடுங்கள். ஒரு கோடு தைத்து இரண்டு பக்கமும் பாருங்கள். மேல்பக்கம் அடிநூல் புள்ளி புள்ளியாகத் தலைகாட்டினால் மேல் டென்ஷன் இறுக்கம், குறையுங்கள். அடிப்பக்கம் மேல்நூல் வளையம் வளையமாகத் தெரிந்தால் மேல் டென்ஷன் தளர்வு, கூட்டுங்கள். ஒவ்வொரு முறையும் டயலில் அரை எண் மட்டும். இரு நூலும் நடுப்பஞ்சில் ஒளிந்து முடிச்சிட்டுக்கொள்ளும்போது நிறுத்துங்கள்.

டயலை எங்கே வைத்தாலும் சரியாகவில்லை என்றால் மட்டும் பாபின் கேஸைத் தொடுங்கள். நூலைப் பிடித்துப் பாபின் கேஸைத் தொங்கவிட்டால் அது தானாக இறங்கக் கூடாது. லேசாக ஓர் உதறு உதறினால் இரண்டு மூன்று விரல் இறங்கி நிற்க வேண்டும். இறங்கவே இல்லையா, பக்கத்து ஸ்க்ரூவைக் கடிகார முள்ளின் எதிர்த்திசையில், நிமிட முள் ஐந்து நிமிடத்தில் நகர்கிற தூரம் மட்டும் திருப்புங்கள். சரசரவென்று ஓடினால் நேர்த்திசையில். ஸ்க்ரூ பொடிசு, கீழே விழுந்தால் தேடி மாளாது, வெள்ளைத் துணி விரித்துக்கொண்டு செய்யுங்கள்.

சரியானதும் அந்தத் துண்டின் ஓரத்தில் பேனாவால் நூல், ஊசி நம்பர், டயல் எண் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

என்ன கோளாறு, எதனால்

மேல்நூல் நைந்து நைந்து அறுகிறது: ஊசிக் கண் சிறிது, அல்லது ஊசி முனை மழுங்கியது. ஊசி மாற்றியும் அதே இடம் அறுந்தால், ஊசித் தகட்டு ஓட்டையில் பழைய ஊசி உடைந்து ஏற்படுத்திய சிராய்ப்பு இருக்கும். விரல் நகத்தால் தடவிப் பாருங்கள். மெல்லிய எமரி தாளால் தேய்த்துவிடலாம்.

பளிச்சென்று ஒரே வெட்டாக அறுகிறது: டென்ஷன் அதிகம், அல்லது நூல் கண்டின் விளிம்புப் பள்ளத்தில் மாட்டியிருக்கிறது. அந்தப் பள்ளம் நூல் முனையைச் செருகி வைக்கத்தான். அது மேலே இருந்தால் கண்டைத் தலைகீழாக மாட்டுங்கள்.

தையல் விடுகிறது: ஊசி முழுதாக மேலே ஏறவில்லை, அல்லது திருப்பி மாட்டியிருக்கிறது. உப்பலான பஞ்சாக இருந்தால் துணி ஊசியோடு சேர்ந்து எழும்புகிறது. ஒரு நம்பர் பெரிய ஊசியும் மெதுவான வேகமும் சரி செய்யும்.

அடித்துணியில் கோடு நடுவே மடிப்பு விழுகிறது: அதற்கு நூல் காரணமல்ல. மூன்று அடுக்கையும் உள்ளங்கை அகலத்துக்கு ஒரு ஊக்கு வீதம் குத்தாமல் தைத்திருக்கிறீர்கள்.

நன்றாக ஓடிக்கொண்டிருந்தது, ஒரு மணி நேரத்தில் கெட்டது: பிசிறு. பருத்தி நூல் என்றால் இரண்டு பாபினுக்கு ஒருமுறை பாபின் கேஸ் மாட்டுகிற ஷட்டில் பகுதியைக் கழற்றித் தூரிகையால் கூட்டி, ஒரு சொட்டு மிஷின் எண்ணெய் விடுங்கள். தேங்காய் எண்ணெய் விடாதீர்கள். கொஞ்ச நாளில் பிசினாகிப் பிசிறோடு சேர்ந்து களிம்பு மாதிரி இறுகிவிடும்.

சித்திரை வைகாசியில் மட்டும் பருத்தி நூல் அறுகிறது: இதுவும் நடக்கிற விஷயம்தான். பருத்திக்கு ஈரப்பதம் இருந்தால்தான் வலு; நூற்பாலைகளில் இழை அறாமலிருக்கக் காற்றில் ஈரம் சேர்ப்பதும் அதனால்தான். கத்திரி வெயிலில் கூரைக்கு அடியில் கிடந்த நூல் விறைத்துப்போயிருக்கும். மூடிய டப்பாவில் ஒரு ஈரத் துணியை ஓரமாக வைத்து, நூல் அதன்மேல் படாமல், ஓர் இரவு விட்டு எடுத்தால் பெரும்பாலும் தேறிவிடும். பாபின் கேஸை அதே டப்பாவில் போடாதீர்கள், துருப்பிடிக்கும்.

எவ்வளவு வாங்குவது

ஒற்றைக் கட்டில் போர்வை, 60 அங்குலத்துக்கு 90 அங்குலம். இரண்டு அங்குல இடைவெளியில் நீளவாட்டில் 29 கோடு போட்டால் 2,610 அங்குலம், அதாவது 66 மீட்டர் தையல். குறுக்காகவும் 44 கோடு போட்டால் இன்னும் 67 மீட்டர். மூன்று அடுக்கில் ஒரு மீட்டர் தையலுக்கு மேல்நூலும் அடிநூலும் சேர்ந்து ஏறக்குறைய மூன்று மீட்டர் நூல் போகும். ஆக 400 மீட்டர். பிரித்துத் தைப்பது, முனை விடுவது எல்லாம் சேர்த்து 500 மீட்டர் வைத்துக்கொள்ளுங்கள். அதில் பாதி பாபினுக்கு. வீட்டு மிஷின் பாபின் நடுத்தர நூலில் சுமார் 50 மீட்டர் பிடிக்கும் என்றால் ஐந்து பாபின். முன்கூட்டியே சுற்றி வைத்துக்கொண்டால் பாதியில் எழுந்திருக்க வேண்டியதில்லை.

துணியைத் தள்ளுகிற மிஷின் பல்லை இறக்கிவிட்டுக் கையால் துணியை நகர்த்தி, அரை அங்குல இடைவெளியில் கொடி கொடியாகத் தைப்பதென்றால் கணக்கு இரண்டு மடங்காகும்: 274 மீட்டர் தையல், 820 மீட்டருக்குமேல் நூல், சேதாரத்தோடு 1,000. அதற்குச் சின்னக் கண்டுகளைக் கணக்குப் போடாமல் கோனாக வாங்குங்கள். எப்படி வாங்கினாலும் லேபிளில் உள்ள லாட் எண் எல்லாக் கண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். ஒரே நிற எண்ணாக இருந்தாலும் லாட் மாறினால் சாயம் ஒரு துளி மாறும். போர்வையின் நடுவில் கோடு போட்ட மாதிரி தெரியும்.

மீந்த நூலில் நான்கைந்து மீட்டரைச் சின்ன அட்டையில் சுற்றி, எழுதி வைத்த மாதிரித் துண்டோடு ஊக்கால் குத்தி, வெயில் படாத பெட்டியில் போட்டு வையுங்கள். இரண்டு வருடம் கழித்து ஒரு தையல் விட்டால் அதே நிறம் தேடி லாங் பஜார் முழுக்க அலைய வேண்டாம்.